சாவி இருக்கும் இடம்

சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பதுதான்
எங்கள் பக்கத்து வழக்கம்.
அறுவடையில் எந்த வயலின் தாள் எப்போது பற்றும், யார் கண்டது?
முதலில் ஓடிவருகிறவர்
யாருடைய டிராக்டரையும் எடுத்து
நெருப்பைச் சுற்றி மண்ணைப் புரட்டலாம்.
சஸ்காச்சுவானில் அடுத்த வீடு என்றால் மூன்று மைல்.

போன ஏப்ரலில்
லெஸ்டரின் மனைவியை அடக்கம் செய்யப் போயிருந்த
இரண்டு மணி நேரத்தில்
எங்கள் நாலு சக்கர டிரெய்லர் போயிற்று.
சாவுச் செய்தி பேப்பரில் வந்திருந்தது,
நேரம் போட்டு.
பனி உருகிய சேற்றில் டயர்த் தடம்
ரோடுவரை நேராக,
அவசரமே இல்லாமல்.

போலீஸ்காரர் எண் கேட்டார்.
எங்களுக்கு நிறம் தெரியும்.
பின்கதவில் நான் இடித்த பள்ளம் தெரியும்.

அதன்பிறகு ஒரெஸ்ட் வேறு ஆள்.
கொக்கிக்குப் பூட்டு.
கலப்பைக்குச் சங்கிலி.
கொட்டகையில் மல்லாந்து படுத்து
ஒவ்வொரு இரும்புச் சட்டத்தின் அடியிலும்
எங்கள் கல்யாணத் தேதியை உளியால் பொறித்தான்.
மறக்கவே மறக்காத எண் அதுதானாம்.
ஒரு நாள் தள்ளிப் பொறித்திருக்கிறான்,
நான் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும்
புது டிரெய்லரின் ஒரு சக்கரத்தைக் கழற்றி
வீட்டுக்குள் உருட்டி வருவான்.
துணி துவைக்கும் அறையில் ரப்பர் வாடையோடு
அது சாய்ந்திருக்கும்,
விருந்துக்கு வந்து கிளம்ப மறந்த மாமன்போல.

செப்டம்பர் ஏழு, இரவு. தெற்குக் காற்று.
லெஸ்டரின் அறுவடை எந்திரத்தில் பேரிங் சூடேறி ஒரு பொறி.
அவர் மகள் டெல்ஃபின் எங்கள் களத்துக்குள் பாய்ந்து
தண்ணீர்த் தொட்டி ஏற்றிய டிரெய்லரைப் பார்த்தாள்:
மூன்று சக்கரம், ஒரு மரக்கட்டை.
டிராக்டரில் ஏறினாள். சாவி இல்லை.
நாங்கள் டவுனில் இருந்தோம்.
கதவை உடைத்து, டப்பா டப்பாவாய்த் தேடி,
சக்கரத்தை உருட்டி வந்து
இருட்டில் நட்டு நட்டாக முடுக்கி,
பதினோரு நிமிஷம் என்றாள்.
நூற்றிருபது ஏக்கர் கோதுமை என்று
அவள் சொல்லவில்லை.
கரி படிந்த விரல்களால்
எங்கள் தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

இப்போது சாவி இருக்கும் இடம்
நான்கு வீடுகளுக்குத் தெரியும்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
சக்கரம் டிரெய்லரிலேயே இருக்கிறது.

நேற்று நடுச்சாமத்தில் நாய் குரைத்தது,
பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டது.
தெரிந்த ஆளுக்குத்தான் அப்படி அடங்கும்
என்றான் ஒரெஸ்ட், ஜன்னலை விட்டு நகராமல்.
படுத்தபடியே நான்
நான்கு வீடுகளையும் எண்ணினேன்.
எண்ணியதற்கு வெட்கப்பட்டு
இன்னொரு தரம் எண்ணினேன்.