கடன் நோட்டில் ஒரு பக்கம்

நான் கல் விற்கிறவள்.
ஹோமா பே சந்தையில், மீன் கூடைகளுக்கும்
பழைய செருப்புக் குவியலுக்கும் நடுவே
என் சாக்கு விரிப்பு.
ஒடோவா என்போம்.
பல்லில் பட்டால் மாவாய் உதிரும் மென்கல்.
வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு
வயிறு மேடிட்டிருக்கும்.

மசக்கையை யார் என்ன சொல்லிவிட முடியும்?
புதுமழை விழுந்த புழுதியின் வாசத்தை
நாக்கில் வைத்துக்கொள்ளத் துடிக்கிறார்கள்.
நானும் நாலு முறை துடித்தவள்தான்.

அபோண்டி முதலில் ஐந்து ஷில்லிங்குக்கு வாங்கினாள்.
பிறகு பத்து.
மழை பிடித்துக்கொண்டதும் கடன்.
நோட்டில் அவளுக்கென்றே ஒரு பக்கம்.

நேற்று நர்ஸ் நெக்கேசா வந்து
முக்காலியை இழுத்துப் போட்டு
மீனுக்கு விலை கேட்கிற குரலில் கேட்டாள்:
"அந்தப் பெண் தினம் எத்தனை கல்?"
ரத்தம் ஆறுதான் இருக்கிறதாம்.
பதினொன்று வேண்டுமாம்.
"கேட்டால் தின்பதே இல்லை என்கிறாள்.
உன்னிடம் கணக்கு இருக்குமே."

நோட்டைக் கொடுத்தேன்.
அவள் விரல் வரி வரியாக இறங்கியது.
நான் கடன் என்று எழுதிய இடத்திலெல்லாம்
அவள் வேறெதையோ வாசித்தாள்.

எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன்.
இடுப்பில் இருப்பது இன்னும் பால்குடி மறக்கவில்லை.
மார்ச்சில் ஒரு மலேரியா, மே மாதம் இன்னொன்று.
கிளினிக் கொடுத்த கொசுவலையில்
மாமியார் ஒமேனா மீனைக் காயப்போடுகிறாள்.
செருப்பில்லாத கால். சேற்றில் பாதி நாள்.
ஏரிக்கரையில் மீன் கழுவுகிறவள்தான்,
ஆனால் மீன் அவள் தட்டுக்கு வருவதில்லை,
கொழுந்தனின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகிறது.
உகாலி, கொஞ்சம் கீரை,
கையோடு கறுக்கக் கொதித்த தேநீர்.

"சாப்பாட்டோடயே தேநீரா?"
நெக்கேசா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.
கீரையின் இரும்பை அது
வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பிவிடுமாம்.
"மாத்திரை?"
மலம் கறுத்ததைக் கண்டு பயந்து
கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டாள் என்றேன்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
பிறகு அவள் என் விரிப்பைப் பார்த்தாள்.

கல் தின்று ரத்தம் வற்றியதா,
ரத்தம் வற்றியதால் உடம்பு கல் கேட்கிறதா?
கேட்டேன். இரண்டுமாக இருக்கலாம் என்றாள்.
அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் அபோண்டி வந்தாள்.
பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்ததற்கே மூச்சிரைத்தது.
கீழிமையைப் பார்த்தேன்.
மூன்று நாள் ஆன மீனின் செவுள்.
நானே அந்த மீனை வாங்கமாட்டேன்.

"இல்லை" என்றேன்.
சாக்கு நிறையக் கல்லை வைத்துக்கொண்டு
இல்லை என்றேன்.
அவள் ஏசவில்லை.
கடனை நினைத்தாளோ என்னவோ,
தலையைக் குனிந்துகொண்டு
மூன்று கடை தள்ளி
ரோசலின் விரிப்புக்குப் போனாள்.

ரோசலின் ரொக்கத்துக்கு மட்டும்தான் கொடுப்பாள்.
அவளிடம் நோட்டு கிடையாது.
இனி அபோண்டியின் கணக்கு
யாரிடமும் இல்லை.

வியாழக்கிழமை கிளினிக்.
கடை போடாமல் கூடப் போகலாமென்றிருக்கிறேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.