இருப்பு

மாங்கா என்றதும்
உப்பு மிளகாய்ப்பொடிதான் நாக்கில் வந்தது.
சிரித்தாள் நெல்பேட்டை ஆஃப்ரின்.
"வலமிருந்து படிக்கணும்ணே."
ரத்தம் ஏறாத கையால் புரட்டிக் காட்டினாள்.

இருபத்தொரு நாளுக்கொருமுறை வருகிறவள்
மறந்துவிட்டுப் போன நான்காம் பாகம்
ரத்த வங்கியில் இன்றிரவு என் துணை.

வெள்ளைமுடிக்காரன், ஊரையே குடித்தவன்,
ஒருத்தியை மட்டும் கடிக்காமல்
விடியும்வரை வாசலில் நிற்கிறான்.
காதல் என்பாள் ஆஃப்ரின்.
இருப்பு வைக்கிறான் என்று
எனக்குப் பட்டது.

ஒரு பைக்கு மூவாயிரம் வாங்குகிறவன் நான்.
அவள் அத்தாவிடம் மட்டும் கேட்டதில்லை.
ஏன் என்பது
ஐந்தாம் பாகத்தில் வரலாம்.

கோரிப்பாளையம் சிக்னல் மஞ்சளாய் மினுக்குகிறது.
பலகையில் அவள் வகை: ஒன்று.
அவள் வர இன்னும் மூன்று நாள்.
கீழே ஆட்டோ நிற்கிறது.
யாரோ பணத்தை எண்ணிக்கொண்டே
படியேறுகிறார்கள்.