பாதாம் இல்லை

அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி.
நான் சொன்னது சரியான பதில்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
ஆய்வாளர் தந்த படிவத்தில்
இதற்குக் கட்டம் இல்லை.

பாபு ராவ் தெரு, காலை ஏழே முக்கால்.
விடியுமுன்னே ஆஸ்பத்திரி வரிசையில் நின்று
டோக்கனோடு திரும்பியவர்கள்
எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து
இட்லிக்குக் காத்திருந்தார்கள்.
எங்கள் ஓட்டலில் மேசை ஒன்பது, மொழி ஆறு.
ஆறிலும் எனக்கு எண்கள் தெரியும்,
காரம் கம்மி தெரியும்,
சில்லறை இல்லை தெரியும்.

லாட்ஜில் பதினான்காம் அறை. பெயர் தெரியாது.
மால்டா பக்கம் என்று பிறகு சொன்னார்கள்.
மகளுக்கு ஐந்து வயதிருக்கும்,
கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.
சட்னிக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து
"பாதாம்?" என்றாள் அம்மா.
சந்தேகம் தீராமல் மறுபடியும், "பாதாம்?"

எனக்குச் சிரிப்பு.
முப்பது ரூபாய் இட்லிக்குப் பாதாம் வேறயா!
"சட்னில பாதாம் போடுவோமான்னு கேக்குறாங்கண்ணா"
என்றேன் கல்லாவைப் பார்த்து.
"முந்திரியே பார்த்து வருசமாவுது"
என்றார் சம்பந்தம் அண்ணன்.
தலையை ஆட்டினேன், விரலையும் ஆட்டினேன்:
பாதாம் நஹி.
அவள் முகம் தெளிந்தது.
இட்லியைப் பிட்டுத் தோய்த்து
அவளே ஊட்டினாள்.

உதடு முதலில்.
பிறகு கண் இமை.
பிறகு ஒரு சத்தம்,
காற்றுப் போகாத பம்பில் வருகிற மாதிரி.

ஆட்டோக்களைக் கையால் தடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்,
தோளில் துண்டு, கையில் இன்னும் சாம்பார்க் கரண்டி.
தெருமுனை தாண்டினால் அவசரப் பிரிவு.
தொடையில் ஓர் ஊசி. மூச்சு வந்தது.
எல்லா ஓட்டலுக்கும் பக்கத்தில்
ஆஸ்பத்திரி இருப்பதில்லை.

மூன்றாம் நாள் அவள் வந்தாள்,
சண்டைக்கு என்று நினைத்தேன்.
சாப்பிடாத இட்லிக்குக் காசு கொடுக்க வந்திருந்தாள்.
சம்பந்தம் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.
போனில் ஒரு படம் காட்டினாள்,
ஓட்டோடு, இடுப்பு சிறுத்த கொட்டை.
"பாதாம்" என்றாள்.
"வேர்க்கடலை" என்றேன்.
படம் ஒன்றுதான்.
நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் ஆய்வாளர் சுபாஷிணி வந்தார்.
கோதுமை, பால், முட்டை, மீன், சோயா,
எதில் எது என்று எழுதி மாட்டணும் என்றார்.
சரக்கு மாஸ்டர் மாசிலாமணி விரல் விட்டார்:
சட்னி, வடகறிக் குழம்பு, பூண்டுப் பொடி,
அப்புறம் எண்ணெயே கடலை எண்ணெய்தானே மேடம்.
விரல் தீர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.
"இதைத் தின்னு ஒருத்தன் சாவானா?"
அண்ணன் கேட்டது கோபத்தில் அல்ல,
அணைக்கட்டில் நாலு ஏக்கர் மல்லாக்கொட்டை போட்டிருக்கிறார்.

பலகையில் தமிழில் எழுதினேன்.
இங்கிலீஷில் எழுதினார்கள்.
பக்கத்து மீன்சோற்றுக் கடை தபன் வங்காளத்தில் எழுதினான்.
தெலுங்கு? ஒடியா?
அஸ்ஸாமில் இதற்கு என்ன பெயர்?
எழுதத் தெரியாதவருக்கு எந்த எழுத்து?

ஒரு முழுக் கொட்டையை ஆணியில் கட்டினேன்.
"ஆகாததையே கைக்கெட்ட மாட்டுவீங்களா?"
என்று ஆய்வாளர் திட்டினார். நியாயம்தான்.
மருந்துக் கடையில் புது ரத்தக் குழாய் ஒன்று வாங்கி
உள்ளே போட்டு, மூடி இறுக்கி,
மூன்று மொழிக்கும் மேலே தொங்கவிட்டேன்.

இன்று காலை ஒரு பெரியவர்,
ராஞ்சியோ எங்கேயோ,
குழாயைப் பார்த்துச் சைகையில் கேட்டார்,
இது யாருக்கு எடுத்த டெஸ்ட்?
நான் சட்னி வாளியைக் காட்டினேன்.
அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு
இலையை என் பக்கம் நகர்த்தி
"டபுள்" என்றார்.