ஐந்தாவது ரசீது

செட்டிச்சாவடி தாண்டி,
வெள்ளைக்கல் சுரங்கம் கொட்டிப்போன மேட்டில்
ஜேசிபி மூன்று நாள் கிளறிய தடம்.
ஓரமாக ஒரு மேஜை, கல்யாண மண்டபத்துக் குடை,
ரசீதுப் புத்தகம், நான்.

நூறு சிசி வரை, டூ ஸ்ட்ரோக்.
ஐந்து பேர் சேர்ந்தால்தான் பிரிவு ஓடும்.
நாலு என்றால் வாங்கிய பணத்தை
எண்ணித் திருப்ப வேண்டியது என் வேலை.
முந்தின வருடம் பதினேழு. போன வருடம் ஒன்பது.
இன்று மணி பத்தரை,
கார்பன் தாளில் இன்னும் மை தேயவில்லை.

முதலில் பிரிட்டோ, நாகலூர்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
குட்டியானையில் வண்டியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கியிருக்கிறான்.
நுழைவுக் கட்டணத்தைவிட
அந்த வாடகை இரண்டு மடங்கு.
அப்புறம் தயாபரன்,
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறை,
நகக்கண்ணில் மெருகுப் பொடி.
பிஸ்டன் வாங்க எத்தனை ஜோடி பற்றவைத்தாய் என்று கேட்டேன்.
சிரித்தான், கணக்குச் சொல்லவில்லை.
அஸ்தம்பட்டி யாழிசைக்கு
வெளிநாட்டு எண்பத்தைந்து. பின்னால் காரில் அப்பா,
ஐஸ் பெட்டி.

கன்னங்குறிச்சியிலிருந்து அண்ணன் தம்பி,
அப்சல், அஸ்லம்.
வண்டி இரண்டு. ஹெல்மெட் இரண்டு,
ஒன்றில் கண்ணாடி இல்லை, அதைக்கூட ஒட்டிவிடலாம்.
பூட்ஸ் ஒரே ஜோடி.

“ஒரு ரவுண்டு அவன், அடுத்த ரவுண்டு நான்,
ரெண்டு பேரா எழுதிக்குங்கண்ணே.”

பூட்ஸ் இல்லாத கால் தடத்தில் படக்கூடாது.
விதித்தாளில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.
ஒரு மார்ச் மாதம்
ஒரு பையனின் கணுக்கால்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகு.
எழுதாத பேனாவை மூடினேன்.

குடைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும்
கேட்டுக்கொண்டிருந்தாள் யாழிசை.
கார் டிக்கியைத் திறந்தாள்.
போன வருடத்துப் பூட்ஸ், அவள் கால் தாண்டிவிட்டது.
தம்பி நுழைத்தான். கச்சிதம்.
நன்றி சொல்ல வாயெடுத்தவனிடம்,
“அஞ்சு பேர் வரலைன்னா
நான் யாரை ஜெயிக்கிறது?” என்றாள்.

விரலை நாக்கில் தொட்டு
ஐந்தாவது ரசீதைக் கிழித்தேன்.

பிறகு நீலப் புகை, வெள்ளைப் புழுதி,
தகர டப்பாவில் தேனீ அடைத்த சத்தம்.
அவள் ஜெயிக்கவில்லை. பிரிட்டோ.
அஸ்லம் கடைசி, இரண்டு முறை விழுந்து.

திருப்பிக் கொடுக்க வந்தான், கார் போய்விட்டிருந்தது.
புழுதி தட்டி என் மேஜைக்கடியில் வைத்துவிட்டு
வெறுங்காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

இப்போதெல்லாம் பதிவுக்கு யார் வந்தாலும்
பெயர் கேட்கும் முன்
காலைப் பார்க்கிறேன்.