இருபதில் ஒன்று

மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
தராசு முள்ளுக்குக் காற்று ஆகாது.
ஜன்னலும் சாத்தியாயிற்று.
புரசைவாக்கத்தின் அக்டோபர்
கழுத்து வழியே இறங்கி
ரவிக்கைக்குள் தேங்குகிறது.

வீட்டுக்குக் கீழே, எத்தனை அடி ஆழத்திலோ,
மெட்ரோவுக்குச் சுரங்கம் குடைகிறார்கள்.
எந்திரம் ஓடும்வரை முள் நிற்காது,
பொய் சொல்லப்போகிறவன் கண்போல் அலையும்.
ஷிஃப்ட் மாறும் நேரம்தான் எனக்கு.
பதினொன்று முப்பத்தைந்து.
நின்றது.

பகலெல்லாம் கெல்லீஸ் முனையில் மருந்து விற்கிறேன்.
இரவில் அளப்பதும் மருந்துதான்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டு
தமிழ் தன்பாட்டுக்குப் போய்விட்டது.
கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்,
கை நடுங்கினால் ஷட்டரை இறக்கு.

ரைஃபிள் அலமாரியில், இரட்டைப் பூட்டுக்குள்.
நாற்பத்துமூன்றில் இஷாப்பூரில் பிறந்தது.
மாமியாரைவிட இரண்டு வயது மூத்தது,
அவரைப்போலவே கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.
பெட்டித் தோட்டா கொடுத்தால் கையகலத்துக்குத் துப்பும்.
நான் அடைத்ததைக் கொடுத்தால்
எலுமிச்சம்பழத்துக்குள் பத்தையும் வைக்கும்.

கட்டையில் யாரோ கத்தியால் கீறிய ஆறு கோடுகள்.
எதை எண்ணினான்? ஆட்களையா,
விடுப்புக்கு மிச்சமிருந்த வாரங்களையா?
கன்னம் படிவது சரியாக அதன் மேல்தான்.
சுட்ட அன்றெல்லாம் இரவில்
முகம் கழுவும்போது விரலில் தட்டுப்படும்,
ஆறு.

இன்று இருபது கூடுகள். ஏழாம் முறை நிரம்புபவை.
ஒவ்வொரு பித்தளைக் கழுத்தையும்
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று.
மயிரிழை விரிசல் கண்ட இரண்டு
முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டன.

பதின்மூன்றாவதில் அழைப்புமணி.
எதிர் ஃபிளாட் ஷஹனாஸ், இடுப்பில் பிள்ளை,
கையில் காய்ச்சல் சிரப்.
"எவ்ளோ குடுக்கணும்கா? மூடியக் காணோம்."
எடை கேட்டேன், அளவு சொன்னேன்,
என் மூடியைக் கொடுத்தேன், வந்து உட்கார்ந்தேன்.
இருபதும் முடிந்து குண்டு செருகி நிமிர்ந்தபோதுதான்:

பதின்மூன்றில் போட்டேனா?
போட்டதன் மேலேயே போட்டேனா?

நிறுத்துப் பார்த்தால் தெரியாதா என்றார்,
போனில், சங்கச் செயலாளர் தீர்த்தகிரி, கொட்டாவியோடு.
பித்தளைக்குப் பித்தளை எடை மாறும் ஐயா.
அந்த வித்தியாசத்துக்குள்
என் சந்தேகம் கால்நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
இரட்டை மருந்து விழுந்திருந்தால் பூட்டு பிளக்கும்.
கன்னம் அங்கேதானே இருக்கும்.

கீழே எந்திரம் உறுமத் தொடங்கியது.
நாளை கடையில் ஸ்டாக் கணக்கு.
நாளை மறுநாள் காலை ஆறரைக்குப் போட்டி.

பிரித்தேன்.
கோணியை நான்காய் மடித்துப் போட்டு,
தட்டித் தட்டி, ஒவ்வொரு குண்டாய்க் கழற்றி.
மாடிவீட்டுக்காரர் இரண்டுமுறை செருமினார்.
ஒன்று சரி. இரண்டு சரி.
பதின்மூன்றைக் கவிழ்த்தபோது மூச்சு விடவில்லை.
சரி.
சரியோ சரி, உதிர்ந்தது அத்தனையும்,
கிண்ணத்தில் சின்னக் கறுப்பு மேடு.

சிரித்துக்கொண்டேதான் மீதியைத் தட்டினேன்.

பதினேழிலிருந்து எதுவும் விழவில்லை.
உதறினேன். விளக்கில் உள்ளே பார்த்தேன்.
சுத்தமான, மினுங்கும், காலிக் கூடு.
அதன் மேல் எனக்கு ஐயமே வரவில்லை.
யாரும் மணி அடிக்காத கூடு அது.

ஞாயிறு, ஆவடி தாண்டி, பெட்டித் தோட்டாவோடு
பதினொன்றாவது வந்தேன். பன்னிரண்டு பேரில்.
பன்னிரண்டாமவர் கண்ணாடியை மறந்து வந்தவர்.
"உங்க சரக்கு எங்கம்மா?" என்றார் தீர்த்தகிரி.
ஈரத்தில் கெட்டுவிட்டது என்றேன்.

திங்கள் காலை கடையில்
ஒருவருக்குப் பட்டையை வெட்டி
ஒன்பது மாத்திரை எண்ணி, உறையிலிட்டு,
மீதிச் சில்லறையும் கொடுத்து அனுப்பினேன்.
அவர் சாலையைக் கடந்து
பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"சார்!
ஒரு நிமிஷம், அந்தக் கவரக் குடுங்க."