விண்

வல்வெட்டித்துறையில் தை பிறந்து மூன்றாம் நாள்.
ஒழுங்கை முழுக்க நைலோன் நூல்.
குகதாசன் ஆளுயரப் பட்டமொன்றை ஏற்றி
லைட் போஸ்டில் கட்டிவிட்டு
நித்திரைக்குப் போய்விட்டான்.
பட்டத்தின் தலையில் வளைத்துக் கட்டிய விண்
வாடைக்காற்றில் தன்பாட்டில் இரைகிறது.

மொட்டைமாடியில் என்னுடைய பெட்டி.
இரண்டு பிளாஸ்டிக் தகடு, கறுப்புத் துணி,
ஒரு பழைய கார் பற்றறி.
இரண்டு தகட்டையும் ஒரே மூச்சில் துளைத்துப் போவதற்கு மட்டும்
டிக் என்று சொல்லும்.
நிமிடத்துக்கு அறுபது. அறுபத்தேழு. ஐம்பத்தெட்டு.
கொப்பியில் மூன்று நிரல்:
நேரம், எண்ணிக்கை, வந்த திசை.
மூன்றாவதை நான் நிரப்புவது ஒரு மரியாதைக்கு.
மேற்கிலிருந்து சற்றே அதிகம்,
அதுகூட பூமியின் காந்தம் செய்கிற வேலை.
எந்த நட்சத்திரம் வெடித்து எறிந்தது என்று
இந்தத் தகட்டைக் கேட்டால் சொல்லாது.

வெளியிலும் நூல் கட்டியிருக்கிறது.
காந்த நூல்,
கட்டிய கம்பம் எதுவென்று தெரியாமல்
ஒளியாண்டுக் கணக்கில் இழுபட்டு.
துகள் அதைச் சுற்றிச் சுற்றி வழுக்கி வரும்.
நூலில் ஓர் அலை ஓடும்.
சுற்றின் அகலமும் அலையின் நீளமும் பொருந்தினால்
ஒரு சின்ன இடி.
துகள் கொஞ்சம் சாயும்.
பிறகு இன்னோர் அலை, இன்னும் கொஞ்சம்,
சாய்ந்து சாய்ந்து
வந்த வழியே திரும்பியும் போகும்.
நேராய் வந்தால் சில ஆயிரம் ஆண்டு.
வந்து சேர்வதோ கோடி ஆண்டில்.

என் நித்திரை கெட்டது இதில் அல்ல.
அலைகளில் பாதியை
வேறு யாரும் எழுப்பவில்லை.
கூட்டமாய், அந்தரப்பட்டு ஓடும் துகள்களே
நூலை அதிரவைக்கின்றன.
பிறகு அந்த அதிர்வே
அவற்றின் காலைப் பிடிக்கிறது.

அண்ணன் கட்டுநாயக்காவில் ஏறியது தொண்ணூற்றாறில்.
ஒஸ்லோ ஒருநாள் பயணம்.
பாங்கொக். மொஸ்கோ. கீவில் ஒரு நிலவறை.
மறுபடி மொஸ்கோ.
லோமேயில் பதினாலு மாதம்,
ஏன் லோமே என்று அவனுக்கே தெரியாது.
ஏழு வருஷம்.
ஏஜென்சிக்காரன் சொன்னானாம்:
‘உங்கட ஆக்கள் கனபேர் ஓடினதாலதான் தம்பி
பாதை இறுகிப்போச்சு.’
அதைக் கடிதத்தில் எழுதிவிட்டு
பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் கீறியிருந்தான்.

விண்வெளியிலிருந்து வந்தது எதுவும்
நேரே என் மாடிக்கு வருவதில்லை.
பதினைந்து கிலோமீற்றர் மேலேயே
காற்றில் மோதிச் சிதறிவிடும்.
இறங்கி வருவது அதன் பிள்ளை, பிள்ளையின் பிள்ளை.
அற்ப ஆயுசு.
ஆனால் அந்த வேகத்துக்கு
காலம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது.

போன மார்கழி, ட்ரம்மனில், பனி தள்ளும்போது
அண்ணன்.

இந்தத் தைக்கு ஆரணி வந்திருக்கிறாள்,
பதினொரு நாள் லீவில்.
ஒழுங்கையில் எல்லாரும் அவளிடம்
‘எங்கயிருந்து பிள்ளை?’ என்கிறார்கள்.
ட்ரம்மன் என்கிறாள். பிறகு யோசித்து
இங்கதான் என்கிறாள்.
இரண்டுக்கும் தலையாட்டுகிறார்கள்.

இரவு இரண்டே முக்காலுக்கு
மேலே ஏறி வந்தாள், போர்வையோடு.
‘என்ன இது கத்துது?’
விண் என்றேன்.
வானத்தைப் பார்த்தாள்.
இல்லை, அது பட்டத்தில் கட்டுறது.
மாடி விளிம்பை உரசிப் போகும் நூலை
இரண்டு விரலால் பிடித்தாள்.
பற்றறி இறங்கிக்கொண்டிருந்தது;
டிக், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, டிக்.
நேரம் எழுதினேன். எண்ணிக்கையை
ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன்.

‘சித்தி, கை கூசுது’ என்றாள்,
விடாமல்.