எட்டு யார்

கிளாஸ்கோவிலிருந்து பார்சலில் வந்தது
எட்டு யார் கம்பளித் துணி.
பச்சைக்குள் நீலக் கட்டம், நடுவே ஒற்றை மஞ்சள் நூல்.
அக்காவின் மூத்தவன் கலியாணத்துக்கு உடுக்கவாம்.
மெசின் வேண்டாமாம், கையால்தானாம்.

மல்லாவியில் ஆவணி வெயில்.
மடியில் கம்பளி கிடக்கத் தொடை வேகும்.
இருபத்தேழு மடிப்பு;
ஒவ்வொன்றிலும் அந்த மஞ்சள் நூல்
விளிம்புக்கு வந்து நிற்கவேண்டும்.
பதினோராவதில் பிசகியது.
முழுவதையும் பிரித்தேன்.

"சேலைக் கொசுவம் மாதிரித்தானே" என்றாள் நேசமலர்.
கொசுவம் இரவானால் குலைந்துவிடுமடி,
இது தைத்தால் தைத்ததுதான்.

அளவு பார்க்க ஆள் வேண்டும்.
இடுப்பு முப்பத்திநாலு. இவருக்கும் அதேதான்.
சுற்றி, நாலு குண்டூசி குத்தினேன்.
முழங்காலோடு நின்றுவிட்டது துணி.
கீழே ஒரு கால்,
ஒரு பிளாஸ்ரிக் கால்.

பதின்மூன்று வருசமாய்ச்
சாரத்தின் விளிம்பு நிலத்தில் அரைபட
நடந்த மனுசன்
குனிந்து பார்த்தார்.
"காத்து நல்லாப் போகுது."

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு,
குண்டூசியும் கழற்றாமல்,
சந்திக் கடைக்கு
வீட்டில் சீனி இருக்கத்தக்கதாய்
சீனி வாங்கப் போனார்.